கொல்லியின் நடைவழிகள்

நுழையும்முன்

மலை ஏறுதல் இன்று ஒரு பொழுதுபோக்கு. நேற்று அது வாழ்க்கை. தேனுக்காகவும் வேட்டைக்காகவும் ஏறினர். உப்பும் துணியும் வாங்க இறங்கினர். குலதெய்வத்தைக் கும்பிட மீண்டும் ஏறினர். இப்படி ஏறியும் இறங்கியும் தேய்ந்த தடங்களின் வழியே ஒரு மலையின் வரலாற்றைப் படிக்க இயலும். சங்கப் பாடல்களில் இடம்பெற்று, இன்றும் மக்கள் கால்நடையாய்ச் சென்று வழிபடும் மலைகளுள் கொல்லி குறிப்பிடத்தக்கது. அம்மலையின் வழிகளையும் அவ்வழிகள் இணைத்த வாழ்வையும் இப்பாடம் பேசுகிறது.

தனித்து நிற்கும் மலை

கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையைப்போல் அறுபடாத சுவர் அன்று. ஆறுகள் அதனைப் பல துண்டுகளாக அறுத்துவிட்டன. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனத் தனித்தனிக் குன்றத் தொகுதிகளாக அது தமிழகத்தின் நடுவே சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. சேந்தமங்கலத்துச் சமவெளியில் நின்று நோக்குவார்க்கு அது வானத்தில் எழுந்த ஒரே மதிலாகத் தோன்றும். மேலே சென்றாலோ கூர்மையான உச்சி கண்ணில் படாது. கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் வயலும் ஓடையும் சிற்றூர்களும் நிறைந்த மேட்டுநிலம் ஒன்று விரியும். மலைமேல் ஒரு நாடு என்றே அதனைச் சொல்லலாம். அங்குள்ள மக்களும் அப்படித்தான் சொல்கின்றனர்: வளப்பூர்நாடு, அரியூர்நாடு, திண்ணனூர்நாடு, சேலூர்நாடு, தேவனூர்நாடு, வாழவந்திநாடு எனப் பகுதிதோறும் 'நாடு' என்னும் பெயர் நிலைத்திருக்கிறது. சமவெளியில் ஆட்சிப் பிரிவின் பெயராக வழங்கி மறைந்துபோன பழஞ்சொல், மலைமேல் இன்னும் முகவரியில் எழுதப்படுகிறது.

இம்மலையின் பெயருக்குக் 'கொல்லும் மலை' என்று பொருள் கூறுவோர் உளர். அடர்ந்த காடும் கொசுவும் காய்ச்சலும் வெளியாரை அச்சுறுத்திய காலத்தில் அவ்விளக்கம் வேரூன்றியிருக்கலாம். ஆனால் பெயரோ அந்த அச்சத்தைவிட மிகப் பழையது. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் கொல்லிப்பாவை என்னும் உருவம் பேசப்படுகிறது. பூதம் ஒன்று அமைத்த பாவை அது என்று ஒரு நற்றிணைப் பாடல் கூறும். காற்று அலைத்தாலும், மழை அடித்தாலும், இடி இடித்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் அழகு கெடாதது அப்பாவை. தலைவியின் அழகைச் சொல்ல வந்த புலவர்கள் அதனை உவமையாக்கினர். பகைவரைத் தன் சிரிப்பால் மயக்கி அழிக்கும் காவல் தெய்வமாகப் பிற்காலக் கதைகள் அதனை வளர்த்தன. இன்று மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயிலில் வழிபடப்படும் தெய்வமே அக்கொல்லிப்பாவை என்பது மக்கள் நம்பிக்கை.

பெயர் இசையிலும் புகுந்தது. தேவாரப் பண்களுள் ஒன்று கொல்லி. சமணத்திலிருந்து மீண்ட திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது.

காட்டிடைக் கொடை

கொல்லியை ஆண்ட ஓரியைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்றே மாணவர் அறிவர். வல்வில் ஓரி என்னும் அடைமொழிக்குக் காரணமான வேட்டைக் காட்சியைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டுகிறார். எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கியது என்பது அக்காட்சி. அம்பின் ஆற்றலை வியப்பதோடு பலரும் நின்றுவிடுகின்றனர். அப்பாடலின் உயிர் அதற்குப் பின்னரே இருக்கிறது.

அம்பெய்தவன் யார் என அறியாத பாணர் கூட்டம், வழியில் கண்ட வேட்டுவன்முன் முழவும் யாழும் குழலும் இயக்கிப் பாடுகிறது. தலைவன் ஓரியின் புகழைப் பாட, கேட்டுநின்ற வேட்டுவன் நாணுகிறான்; தன் புகழைத் தன் காதாலேயே கேட்ட நாணம் அது. தான் இன்னான் என்று அவன் சொல்லவில்லை. வேட்டையில் கிடைத்த ஊனையும் தேறலையும் தந்து பசி தீர்க்கிறான். தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் சேர்த்து, கொள்க எனக் காட்டிடத்திலேயே கொடுத்தனுப்புகிறான். அரண்மனையில் அமர்ந்து அளித்த கொடை அன்று இது. வழிநடையில், பெயர் சொல்லாமல், நடந்து களைத்தவர்க்கு அளித்த கொடை. மலைவழியில் வருவோர்க்கு உணவளித்தல் ஒரு முறைமையாகவே அன்று இருந்தது. பரிசில் பெற்றவன் பிறரை வழிப்படுத்தும் மலைபடுகடாம் முழுவதும் இம்முறைமையின் விரிவே எனலாம்.

ஓரியின் முடிவு கொடியது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என அகநானூறு குறிக்கிறது. மலை கைம்மாறியது, பெயர் நிலைத்தது. பின்னாளில் சேரநாட்டுக் குலசேகராழ்வாரும் தம்மைக் கொல்லியின் காவலர் எனக் கூறிக்கொண்டார். இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி, ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் விற்போட்டியும் இடம்பெறுகிறது.

எழுபது வளைவும் ஒற்றையடிப் பாதையும்

இன்று கொல்லிமலை என்றதும் பலர் நினைவுக்கு வருவது காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதப்பட்டிருக்கிறது. பயணிகள் அவ்வெண்களை உரக்க எண்ணிக்கொண்டே ஏறுகின்றனர். எழுபது வரை எண்ணியவர் மலையைக் கண்டவர் ஆகிவிட்டதாக எண்ணுவதும் உண்டு. சாலையைப் பழிப்பதற்கில்லை. பேறுகாலத்தில் துன்புற்ற பெண்ணைத் தூளிகட்டித் தோளில் சுமந்து மலையிறங்கிய காலத்தை நினைப்போர், சாலையின் அருமையை அறிவர். பள்ளியும் மருத்துவமும் சந்தையும் அதனால்தான் மலைமக்களுக்கு அண்மையில் வந்தன.

எனினும் சாலை காட்டுவது மலையின் ஒரு முகத்தை மட்டுமே. நடப்பவர்க்கு மலை அடுக்கடுக்காகத் திறக்கிறது. அடிவாரத்தில் முட்புதரும் வெப்பமும் இருக்கும். சிறிது ஏறினால் கோடையில் இலையுதிர்க்கும் மரங்கள் நிற்கும். மேலும் ஏற ஏற, ஓடைப் பள்ளங்களில் பசுமை மாறாச் சோலை தொடங்கும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை செல்சியசு குறையும் என்று அறிவியல் பாடம் கூறும். நடப்பவர் அதனைத் தம் தோலில் அறிவார். ஊர்தியில் ஒரு மணி நேரத்தில் கடப்பவர்க்கோ இந்த மாற்றங்கள் சாளரக் கண்ணாடிக்கு வெளியே கலங்கிய பச்சையாய் ஓடிவிடும்.

மலையின் கிழக்கே, திருச்சிராப்பள்ளி மாவட்டத் துறையூர்ப் பகுதியில் உள்ள புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கை நோக்கி ஏறும் நடைவழி அத்தகையது. ஐயாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி, பாறைகளைப் பற்றியும் ஓடையைக் கடந்தும் அது செல்கிறது. கோரக்கர் பெயரால் வழங்கும் குகை உள்ளிட்ட, சித்தர்களோடு தொடர்புபடுத்தப்படும் இடங்கள் இப்பக்கத்தில் உள்ளன. மலைமேல் உறையும் மாசி பெரியசாமி, சமவெளியில் வாழும் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். எங்கெங்கோ குடிபெயர்ந்தவர்களும் முடியிறக்கவும் காதணி விழாவுக்கும் இம்மலைக்குத் திரும்புகின்றனர். ஊர் மாறலாம், தொழில் மாறலாம். குலதெய்வத்தின் இருப்பிடம் மாறுவதில்லை. சமவெளிக்கும் மலைக்கும் இருந்த பழைய உறவை ஏடுகளைவிட இவ்வழக்கமே உறுதியாகச் சொல்கிறது.

அறப்பள்ளி

வளப்பூர்நாட்டில் ஐயாற்றின் அருகே அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. இறைவி அறம்வளர்த்த நாயகி. தேவாரத்தில் தனிப்பதிகம் பெறாமல், பிற பதிகங்களுக்கு இடையே பெயர் சுட்டப்படும் தலங்களை வைப்புத் தலங்கள் என்பர். இது அவற்றுள் ஒன்று. அங்கு அறைப்பள்ளி என்றே பெயர் காணப்படுகிறது. 'அறை' என்பதற்குப் பாறை என்றும் 'பள்ளி' என்பதற்கு உறைவிடம் என்றும் பொருள் உண்டு. பாறையிடத்து உறைவிடம் என்னும் பெயர் மக்கள் வாயில் அறப்பள்ளி ஆயிற்று. பெயரில் அறம் புகுந்தது. சமணத் துறவியரின் இருப்பிடமும் பள்ளி எனப்பட்டது. கொல்லிமலையில் தீர்த்தங்கரர் சிற்பமும் இருப்பது இங்கு எண்ணத்தக்கது. கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலத்தில் சாலை ஏது? கல்தச்சனும் எழுத்து வெட்டுவோனும் தத்தம் உளியைச் சுமந்து நடந்தே ஏறியிருக்க வேண்டும்.

உழவர் ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பையின் கொழு இலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி கசிந்தது என்பது தலக்கதை. மற்றொரு கதை ஆற்று மீன்களைப் பற்றியது. அறுபட்ட மீன்களும் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீந்தின என்பர். ஆதலால் கோயிலையொட்டிய ஆற்றில் மீன் பிடிக்கும் வழக்கம் இல்லை. வழிபடுவோர் மீன்களுக்கு இரையிட்டுச் செல்கின்றனர். கதையை நம்புவோரும் நம்பாதோரும் ஒன்றை மறுக்க இயலாது. பிடிப்பாரற்ற அந்நீர்ப்பகுதியில் மீனினம் அச்சமின்றிப் பெருகி நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்
அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இக்கோயில் இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்ட நூறு பாடல்களைக் கொண்ட நூல். அதில் இம்மலை சதுரகிரி எனக் குறிக்கப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் மகாலிங்கம் கோயில் உள்ள சதுரகிரி வேறு.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றன. அவற்றின் முடிவில் ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுகிறது. வழக்கமான மலைத்தலங்களில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கு முதலில் இறக்கம். இறங்கும்போது எளிதாய்த் தோன்றிய படிகள், நீராடித் திரும்பும்போது தம் உயரத்தைக் காட்டும். முதியோர் பலர் பாதியில் அமர்ந்துவிடுவதும், முன்பின் அறியாதவர் அவர்களுக்குக் கைகொடுத்து ஏற்றுவதும் அப்படிகளில் நாள்தோறும் நிகழ்வன. படிவழியில் முடவாட்டுக்கால் கிழங்கின் சாறு விற்கின்றனர். கிழங்கு என வழங்கினாலும் அது ஒருவகைப் பெரணியின் மட்டத்தண்டு. ஆட்டுக்கால்போல் மயிர் போர்த்துத் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. அதற்கான தேவை பெருகியுள்ளதால் பாறைகளிலும் மரங்களிலும் படர்ந்த பெரணிகள் எவ்வளவு காலம் தாங்கும் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

சாமையும் மரவள்ளியும்

இம்மலையின் தொல்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மலையை ஆள்வோர் என்பதே இங்குப் பொருள். அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு.

சரிவுகளில் அவர்கள் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றை விளைவித்தனர். சாமையிலேயே கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திருகுலாச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனப் பல வகைகள். ஒன்று விரைவில் விளையும். மற்றொன்று தாமதித்து முற்றும். மழை பிந்தினால் எதை விதைப்பது, மண் மெலிந்தால் எதை விதைப்பது என்னும் அறிவு அப்பெயர்களுக்குள் அடங்கியிருந்தது. வகை அழிந்தால் பெயர் அழியும். பெயரோடு அறிவும் போகும்.

அழிவுக்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. கூட்டுறவுக் கடையில் அரிசி குறைந்த விலையில் கிடைத்தது. சாமையோ உரலிலிட்டு நெடுநேரம் குத்தினால்தான் அரிசியாகும். அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. அவர்கள் சாமையைக் கைவிட்டதில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. 1990களில் இங்குப் பணியாற்றத் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனைச் சரியாகவே உணர்ந்தது. விதைகளைப் பாதுகாத்ததோடு நில்லாமல், சிறுதானியத்தின் உமி நீக்கும் பொறிகளை ஊர்களில் நிறுவியும், மதிப்புக்கூட்டிய பொருள்களைச் சந்தைப்படுத்தியும் உழவர்க்குத் துணைநின்றது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, நகரங்கள் புதிதாய்க் கண்டுபிடித்ததுபோல் சாமையைப் பேசின. மலைமேல் சில குடும்பங்களோ அதற்கு முன்னரே அவ்விதையைக் குடுவையில் காத்து வைத்திருந்தன.

விதையைப்போலவே காட்டையும் மக்கள் காத்தனர். ஊர்த்தெய்வங்கள் உறையும் கோயிற்காடுகள் மலையெங்கும் சிறுசிறு துண்டுகளாய் உள்ளன. அங்கு மரம் வெட்டுதல் விலக்கப்பட்டது. மலையின் உச்சிப் பகுதிகளில் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டு உண்டு. அதனைத் தோண்டி எடுத்த சுரங்கங்கள் மேல்மண்ணை அகற்றியபோது, மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு மெல்ல விடுவிக்கும் அடுக்கே அகன்றது. கோயிற்காடு ஒன்றின் நிழலில் ஊற்று வற்றாதிருப்பதையும், தோண்டிய நிலம் செம்மண்ணாய்க் கரைவதையும் ஒரே நாள் நடையில் ஒப்பிட்டுக் காணலாம்.

ஏறுவோர்க்கு

தமிழகத்தில் மலையேற்றம் என்றால் பலருக்கும் கோவையை அடுத்த வெள்ளியங்கிரி நினைவுக்கு வரும். மூங்கில் கோலூன்றி ஏழு மலை ஏறும் மக்கள் அங்கு ஆண்டுதோறும் திரள்கின்றனர். இலங்கையின் சிவனொளிபாத மலையில் பல சமயத்தாரும் இரவில் ஏறி விடியலைக் காண்கின்றனர். கூட்டம் பெருகும் இடமெல்லாம் குப்பையும் பெருகுகிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. ஆயினும் நொறுக்குத்தீனி உறைகள் அருவிக்கரைகளில் சிக்கிக் கிடக்கின்றன. ஆகாய கங்கையில் விழும் நீர் புளியஞ்சோலை வழியே துறையூர்ச் சமவெளிக்கு இறங்குவது. மேலே சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பவர், கீழே அந்நீரைப் பயன்படுத்துவோரைக் காண்பதில்லை.

மற்றொரு செய்தி உயிரைப் பற்றியது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், இளைஞர் பலர். காய்ந்த போதைப்புல் தீயை மிக விரைவாகக் கடத்தும். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை அரசு வகுத்தது. கோடையில் தீப்பருவத்தில் காட்டுவழிகள் மூடப்படுவதும், வனத்துறையின் இசைவு வேண்டப்படுவதும், வழிகாட்டியின்றிச் செல்லலாகாது என்பதும் இதனாலேயே.

கொல்லியில் அச்சம் தீயைப்பற்றியது மட்டுமன்று, நீரைப்பற்றியதும் ஆகும். அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலைமேல் மழை பெய்து ஐயாறு சட்டெனப் பெருகலாம். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஓடலாம். நீரின் நிறம் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ மலைமக்கள் கரையேறிக் காத்திருப்பர். வெள்ளம் வருமுன் அது அனுப்பும் ஓலை அச்சருகு. அதனைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடனழைத்துச் செல்வதே புளியஞ்சோலை வழியில் ஏறுவோர் செய்யும் முதல் ஏற்பாடு.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தின் குலதெய்வக் கோயில் எங்குள்ளது, முன்னோர் அங்கு எவ்வழியில் சென்றனர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

உங்கள் வட்டாரத்தில் வழங்கும் நெல் அல்லது சிறுதானிய வகைகளின் பெயர்களைத் திரட்டி, அப்பெயர்களுக்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.